திரையில் ஒரு பெண் அடிபடும்போது நாம் எங்கே இருக்கிறோம்?

1978 தீபாவளியை ஒட்டி, ஓரிரு நாள் இடைவெளியில், இரண்டு தமிழ்ப் படங்கள் வெளியாயின. ஒன்று பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’, மற்றொன்று ருத்ரய்யாவின் ‘அவள் அப்படித்தான்’. இரண்டிலும் கமல்ஹாசன். இரண்டிலும் அவர் பெண்களை நோக்கிக் கேமராவைத் திருப்புகிற ஆள். ‘அவள் அப்படித்தான்’ அருண் பெண்களின் நிலை பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவன். கேள்வி கேட்கிறான், பதிலைப் பதிவு செய்கிறான், புரிந்துகொள்ளப் பார்க்கிறான். ‘சிகப்பு ரோஜாக்கள்’ திலீப் பெண்களை மயக்கி வீட்டுக்கு அழைத்துவந்து கொன்று தோட்டத்தில் புதைக்கிறான். அதைப் படமாக்கி வளர்ப்புத் தந்தைக்குப் போட்டும் காட்டுகிறான். கொலைகாரனின் படம் வெற்றிகரமாக ஓடியது. ஆவணப்படக்காரனின் படம் தியேட்டரில் நிற்கவில்லை. அதற்குரிய மதிப்பு காலம் கடந்துதான் வந்தது.

பெண்கள் சாவதை உட்கார்ந்து பார்க்கும் அந்த வளர்ப்புத் தந்தையைப் பற்றி நம் விமர்சகர்கள் அதிகம் எழுதவில்லை. எனக்கோ அவர்தான் அந்தப் படத்தின் மையம். இப்போது அவர் கையால் எதுவும் செய்வதில்லை. பார்க்கிறார், அவ்வளவுதான். ஆனால் அவர் பார்க்கத்தான் எல்லாம் நடக்கிறது. பார்க்க ஆள் இல்லாவிட்டால் படம் எடுக்க வேண்டிய தேவையே இல்லை. தமிழ் சினிமா தன் பார்வையாளரை இவ்வளவு அப்பட்டமாக வரைந்துகாட்டிய இடம் வேறு எதுவும் எனக்கு நினைவில்லை. வரைந்த கையோடு அதை அழித்தும்விடுகிறது. அவர் மனநோயாளி என்று சொன்னதும் நமக்கு விடுதலை கிடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு ஒரு பின்கதை வருகிறது. அநாதைச் சிறுவன் திலீப் மீது ஒரு பெண் பழி போட்டாள், இன்னொருத்தி கணவனுக்குத் துரோகம் செய்தாள், அதனால் இவன் இப்படி ஆனான். கொல்லப்பட்ட பெண்களுக்குப் பின்கதை கிடையாது. கொன்றவனுக்கு உண்டு.

பெண் மீதான வன்முறையைத் திரையில் பார்ப்பவர் அதற்கு உடந்தையா என்ற கேள்வியை இந்தச் சமனின்மையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழக்கமாக நாம் சண்டை போடுவது எவ்வளவு காட்டினார்கள் என்பதைப் பற்றி. எத்தனை விநாடி, எவ்வளவு ரத்தம், ஆடை எங்கே கிழிந்தது. ஆனால் படம் நம்மை யாருக்குப் பக்கத்தில் உட்காரவைத்தது, என்ன நடக்கவேண்டும் என்று நம்மை ஆசைப்படவைத்தது, எல்லாம் முடிந்தபின் யாரோடு கிளம்பிப் போனது என்பவைதான் நம் பங்கைத் தீர்மானிக்கின்றன. ஒரு சொட்டு ரத்தம் காட்டாத படமும் நம்மை உடந்தையாக்கும். சகிக்க முடியாத அளவு காட்டுகிற படம் நம்மை அந்த இருக்கையிலிருந்து எழுப்பியும் விடும்.

உலக சினிமாவில் இந்தக் கேள்வி கூர்மையாக எழுந்த ஆண்டு 1960. அந்த ஏப்ரலில் பிரிட்டனில் மைக்கேல் பவலின் ‘பீப்பிங் டாம்’ வந்தது. கதாநாயகன் மார்க் சினிமா ஸ்டூடியோவில் கேமரா உதவியாளன். கேமரா ஸ்டாண்டின் ஒரு காலில் கத்தியை ஒளித்துவைத்து அதனால் பெண்களைக் கொல்கிறான். சாகும் முகத்தைப் படம் பிடிக்கிறான். கேமராவில் ஒரு கண்ணாடியும் பொருத்தியிருக்கிறான், சாகிறவள் தன் பயத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாக வேண்டும் என்பதற்காக. முதல் கொலையை நாம் அவனுடைய வியூஃபைண்டர் வழியாகவே பார்க்கிறோம். அதன் குறுக்குக் கோடுகள்கூடத் திரையில் தெரிகின்றன. அடுத்து அவன் அந்தச் சுருளைத் தன் அறையில் ஓட்டிப் பார்க்கிறான், அதன் மேல் டைட்டில் ஓடுகிறது. ஒரே நிகழ்ச்சியை நாம் இரண்டு முறை பார்த்துவிட்டோம்: முதலில் கொலைகாரனாக, பிறகு ரசிகனாக.

இவனுக்கும் ஒரு தந்தை உண்டு. பயத்தை ஆராய்வதற்காகத் தன் மகனையே சிறு வயதில் பயமுறுத்திப் படம்பிடித்த விஞ்ஞானி. அந்தத் தந்தையாகச் சில கணங்கள் திரையில் வருபவர் இயக்குநர் பவல்தான். சிறுவனாக வருவது அவருடைய சொந்த மகன். படம் எடுப்பவனின் குற்றத்தைத் தன் குடும்பத்தையே வைத்து ஒப்புக்கொள்ளும் துணிவு அது. பிரிட்டிஷ் விமர்சகர்கள் படத்தை அருவருப்பின் உச்சம் என்று கிழித்தார்கள், படம் விரைவிலேயே தியேட்டர்களிலிருந்து எடுக்கப்பட்டது, தாய்நாட்டில் பவலின் திரைவாழ்க்கையும் ஏறக்குறைய அதோடு முடிந்தது. எழுபதுகளின் இறுதியில் மார்ட்டின் ஸ்கோர்செஸி முயன்று அதை மீட்டெடுத்தார்.

அதே ஆண்டு ஜூனில் அமெரிக்காவில் வெளியான ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’வும் ஒளிந்து பார்க்கும் ஒருவன் பெண்ணைக் கொல்லும் கதைதான். அதற்கோ மக்கள் வரிசையில் நின்றார்கள். வித்தியாசம் எங்கே? குளியலறைக் கொலையைப் பற்றி ஏராளமாக எழுதியாகிவிட்டது. முக்கால் நிமிடம் ஓடும் குத்துகள், டஜன்கணக்கான வெட்டுகள், பெர்னார்ட் ஹெர்மானின் வயலின் கிறீச்சொலி, கத்தி உடலில் இறங்குவதை ஏறக்குறையக் காட்டாமலே காட்டிய வித்தை. எனக்கு அதற்கு முன்னும் பின்னும் வருபவை முக்கியம். முன்னால், நார்மன் சுவரிலிருந்து ஒரு படத்தைக் கழற்றிவிட்டுத் துளை வழியே மாரியன் உடை மாற்றுவதைப் பார்க்கிறான். அந்த ஓவியம் குளிக்கும் சூசன்னாவை முதியவர்கள் ஒளிந்து பார்க்கும் விவிலியக் கதை. அவன் கண்ணை மிக அருகில், பக்கவாட்டில் காட்டிவிட்டு, அவன் பார்ப்பதையே நமக்கும் காட்டுகிறார் ஹிட்ச்காக்.

பின்னால் வருவது இன்னும் கடுமையானது. நார்மன் குளியலறையை வெகுநேரம் பேச்சில்லாமல் கழுவுகிறான். உடலைத் திரைச்சீலையில் சுற்றிக் காரின் டிக்கியில் போடுகிறான். மாரியன் திருடிவந்த 40,000 டாலர் செய்தித்தாளுக்குள் இருப்பது தெரியாமல் அதையும் உள்ளே எறிகிறான். காரைச் சதுப்புக் குட்டையில் தள்ளுகிறான். கார் மெல்ல மூழ்குகிறது. பாதியில் நின்றுவிடுகிறது. அந்தக் கணத்தில் தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். மூழ்கிவிடு, மூழ்கிவிடு என்று மனம் அடித்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெண்ணின் பிணம் யாருக்கும் கிடைத்துவிடக் கூடாது என்று நாம் பதறுகிறோம். மாரியனோடு முக்கால் மணி நேரம் பயணம் செய்தோமே, அது எங்கே போயிற்று? அவள் சாவுக்கு நாம் துக்கம் காக்கவில்லை. அடுத்த ஆளிடம் தாவிவிட்டோம். கண்ணால் மட்டும் நடந்தது இல்லை இது, ஆசையால் நடந்தது. கடைசியில் ஒரு மனநல மருத்துவர் வந்து எல்லாவற்றையும் விளக்கி நம்மை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார். ‘பீப்பிங் டாம்’ அந்த வாசலைத் திறந்துவைக்கவில்லை, அதற்குத்தான் அதை மன்னிக்கவில்லை என்பது என் கணிப்பு.

இந்த அனுபவத்துக்குக் கோட்பாடு வந்து சேர்ந்தது 1975-ல். ‘ஸ்கிரீன்’ இதழில் லாரா மல்வி எழுதிய கட்டுரை, ஹாலிவுட் சினிமாவில் மூன்று பார்வைகள் ஒன்றின் மேல் ஒன்றாகப் படிவதைச் சொன்னது. கேமராவின் பார்வை, பார்வையாளரின் பார்வை, கதைக்குள் பாத்திரங்கள் ஒருவரையொருவர் பார்க்கும் பார்வை. முதல் இரண்டும் தம்மை மறைத்துக்கொண்டு மூன்றாவதற்குள் புகுந்துவிடுகின்றன. அந்த மூன்றாவது பெரும்பாலும் ஆணுடையது. ஆகவே யார் டிக்கெட் வாங்கினாலும் அவர் உட்காருவது ஆணின் இருக்கையில். பெண் பார்க்கப்படுவதற்காக இருக்கிறாள், அவளால் எழும் பதற்றத்தை ஒன்று அவளைத் தண்டித்துத் தீர்க்க வேண்டும், அல்லது அவளைப் பொம்மையாக்கி வழிபட்டுத் தீர்க்க வேண்டும். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்ள ஃப்ராய்டு தேவையில்லை.

உடனே எழுந்த எதிர்க்கேள்வி: தியேட்டரில் பாதிப் பேர் பெண்களாயிற்றே, அவர்கள் எங்கே உட்காருகிறார்கள்? மல்வியே 1981-ல் திரும்ப வந்து இதற்குப் பதில் தேடினார். டானியா மாட்லெஸ்கி 1988-ல் ஹிட்ச்காக் படங்களை எடுத்துக்கொண்டு, பெண் மீதான வெறுப்பும் அவள் மீதான பரிவும் அவற்றில் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடப்பதைக் காட்டினார். கேரல் க்ளோவர் 1992-ல் வெளியிட்ட நூலில் இன்னும் வியப்பான ஒன்றைச் சொன்னார். இளம் ஆண்கள் கூட்டமாகப் பார்க்கும் மலிவான கொலைப் படங்களில், தொடக்கத்தில் கேமரா கொலைகாரனின் கண்ணாக இருக்கிறது. முடிவில் ஆண் ரசிகன் பயந்து நடுங்குவது, ஓடுவது, திருப்பி அடிப்பது எல்லாம் உயிரோடு மிஞ்சும் கடைசிப் பெண்ணோடு. அவருடைய முக்கிய எடுத்துக்காட்டுகளில் ஒன்றான ஜான் கார்ப்பென்டரின் ‘ஹாலோவீன்’ வெளியானதும் ‘சிகப்பு ரோஜாக்கள்’ வந்த அதே 1978 அக்டோபரில்தான். முகமூடியின் கண்துளைகள் வழியே நாம் ஒரு பெண்ணைக் கொல்கிறோம், முகமூடி கழன்றதும் பார்த்தால் ஆறு வயதுச் சிறுவன், அவளுடைய தம்பி.

க்ளோவர் சொன்னதை நான் பாதிதான் ஏற்கிறேன். கடைசிப் பெண்ணோடு நாம் ஓடுவது உண்மை. ஆனால் அவள் யார்? ஆண்களோடு கலக்காதவள், கட்டுப்பாடானவள். ‘சிகப்பு ரோஜாக்க’ளில் ஸ்ரீதேவி நடித்த சாரதாவும் அப்படித்தான். திருமணம் இல்லாமல் நெருங்கவிடாததால் அவள் மனைவியாகிறாள், மனைவியானதால் பிழைக்கிறாள். தாராளமாகப் பழகியவர்கள் தோட்டத்து மண்ணுக்குள் கிடக்கிறார்கள். இவளுக்காக நாம் பதறும் ஒவ்வொரு நொடியும் அவர்களுக்கு எதிரான தீர்ப்பில் நம் கையெழுத்தையும் வாங்கிக்கொள்கிறது.

கொலைவரை போக வேண்டாம், ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நம் படங்களில் நாயகன் நாயகியை அறையும் காட்சி எப்படிக் கட்டப்படுகிறது என்று கவனித்துப் பாருங்கள். அதற்கு முன் பல காட்சிகளில் அவள் பெரியவர்களை மரியாதையில்லாமல் பேசுவாள், வேலைக்காரர்களை அவமானப்படுத்துவாள், நாயகனின் தாயைப் புண்படுத்துவாள். நமக்குள் கோபம் ஏறிக்கொண்டே போகும், அவனோ பொறுமையாக இருப்பான். இவன் ஏன் இன்னும் சும்மா இருக்கிறான் என்று நாமே கேட்கும் கட்டம் வரும். அப்போது கை ஓங்கும். அறை விழுந்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும், இசை நின்றுபோகும். அடுத்த ஷாட் அவள் முகம். அதற்கடுத்த ஷாட், சுற்றி நிற்பவர்களின் முகங்கள், நிம்மதியோடு. விசில் அங்கேதான் பறக்கிறது. அவன் அறைவதற்கு முன்பே நாம் மனசுக்குள் அறைந்துவிட்டோம், அவன் அதை நிறைவேற்றுகிறான். 1992-ல் வந்த ‘மன்னன்’ திறமையான தொழிலதிபரான சாந்திதேவியை வீட்டு மனைவியாக்கி முடித்தபோது தமிழகம் அதைக் குடும்பத்தோடு கொண்டாடியது. பெண்களும்தான் கைதட்டினார்கள். அவர்களை ஏமாளிகள் என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் படத்துக்குள் உட்காருவதற்கு அவர்களுக்கு வேறு இருக்கை கொடுக்கப்படவில்லை.

கைதட்டுபவர்களையே கூண்டில் ஏற்றிய படம் ஒன்று உண்டு. 1983-ல் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்டு நகரத்து மதுக்கடை ஒன்றில் நடந்த கூட்டு வன்புணர்ச்சி வழக்கைத் தழுவி 1988-ல் வந்த ‘தி அக்யூஸ்ட்’. ஜோடி ஃபாஸ்டருக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. இதில் வழக்கு, சுற்றி நின்று கூச்சலிட்டு உசுப்பேற்றியவர்கள் மீது. பார்த்து ஆர்ப்பரித்தவர்கள் குற்றவாளிகளா என்பதே சட்டக் கேள்வி. படம் நம்மை நேராகக் குத்தவேண்டிய இடம் இது. ஆனால் வன்முறைக் காட்சி எப்போது வருகிறது தெரியுமா? பாதிக்கப்பட்ட சாரா நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும்போது நாம் பார்ப்பது அவள் முகத்தை மட்டும். பிறகு, அங்கிருந்து போலீசுக்கு ஃபோன் செய்த இளைஞன் சாட்சிக் கூண்டில் ஏறுகிறான். அவன் சொல்லத் தொடங்கியதும் திரை மதுக்கடைக்குத் தாவி எல்லாவற்றையும் விரிவாகக் காட்டுகிறது. அவள் வாயால் சொன்னது சொல்லாகவே நின்றது, ஆண் சொன்னபோது அது காட்சியாகி நிரூபணமானது. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம், அதை மறுக்க மாட்டேன். இருந்தும் நாம் நிற்கும் இடம் அந்தக் கும்பல் நின்ற இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது.

நம் தணிக்கை இந்த இடங்களை எல்லாம் தொடுவதில்லை. 1991-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், பெண்களுக்கு எதிரான பாலியல் வன்முறைக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், கதைக்குத் தவிர்க்க முடியாதென்றால் மிகக் குறைக்க வேண்டும், விவரம் காட்டக் கூடாது என்கின்றன. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் சம்பவத்தின் விநாடிகள் வெட்டப்படுகின்றன, அதை நோக்கி நம்மை இழுத்துச்செல்லும் துரத்தலும் மழையில் நனைந்த உடையும் வில்லனின் கண்ணாகிவிட்ட கேமராவும் அப்படியே தங்குகின்றன. எண்பதுகளில் நாயகனின் தங்கை என்றாலே இடைவேளைக்குள் சீரழிக்கப்பட்டுத் தூக்கில் தொங்குவாள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அவள் வருவதே அதற்குத்தான். அவள் போனபின் படம் அண்ணனோடு கிளம்பிவிடும். இந்தியப் படங்களில் பெண்ணே பழிவாங்கும் கதைகளை ஆராய்ந்த லலிதா கோபாலன், வன்புணர்ச்சியும் பழிவாங்கலும் ஒன்றையொன்று நியாயப்படுத்திக்கொண்டு சென்சாரைத் தாண்டும் விதத்தை எழுதியிருக்கிறார். பழிவாங்கல் எவ்வளவு கடுமையாக இருக்க வேண்டுமோ அவ்வளவு கடுமையாக முதல் வன்முறையைக் காட்டவேண்டியிருக்கிறது. நீதிக்கான ஆசை என்ற பெயரில் அதைப் பார்க்கும் ஆசைக்கும் உரிமம் கிடைத்துவிடுகிறது.

உயிரோடிருக்கும் பெண்ணின் கதை என்றால் இது இன்னும் சிக்கலாகிறது. சேகர் கபூரின் ‘பாண்டிட் குயின்’ 1994-ல் வந்தபோது, அந்தக் கதைக்குரியவரான பூலான் தேவி அதைத் தடுக்க நீதிமன்றம் போனார். அவருக்கு நேர்ந்ததாகச் சொல்லப்பட்ட வன்முறையை அவர் அனுமதி இல்லாமல் உலகுக்கு மறுபடி நிகழ்த்திக் காட்ட யாருக்கு உரிமை என்று அருந்ததி ராய் சினத்தோடு எழுதினார். வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. ஊர் நடுவே நிர்வாணமாக்கப்பட்டுக் கிணற்றடிக்கு நடத்தப்படும் காட்சியைப் பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம், அது இச்சையைத் தூண்டாது, பார்ப்பவருக்கு இரக்கமும் அருவருப்புமே வரும் என்று சொல்லிப் படத்தை அனுமதித்தது. காட்சியைப் பற்றி நீதிமன்றம் சொன்னது சரி என்றே நினைக்கிறேன். ராய் கேட்டது வேறு கேள்வி. நமக்கு இரக்கம் வந்தது என்பதால் அவளிடம் கேட்காமல் எடுத்தது சரியாகிவிடுமா?

அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வந்தது. தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011-ல் தீர்ப்பு வந்தது, 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே 2023-ல் வெளியான வெற்றிமாறனின் ‘விடுதலை’ முதல் பாகத்தின் இறுதிக் கட்டத்தை வாச்சாத்தியை நினைக்காமல் பார்க்க முடியாது. காவல் முகாமில் ஊர்ப் பெண்கள் நிர்வாணமாக்கப்பட்டு வதைக்கப்படுகிறார்கள். அதோடு மாறி மாறி, காவலர் குமரேசன், தேடப்படும் தலைவரான வாத்தியாரைப் பிடிக்க ஓடுகிறான். அவன் பிடித்துவிட்டால் வதை நிற்கும். இந்த மாறி மாறி வெட்டும் தொகுப்புதான் என்னை உறுத்துகிறது. அரசின் வன்முறையைப் பெயர் சொல்லிக் காட்டத் துணிந்த படம் அது, அந்தத் துணிவு அரிது. ஆனால் அந்தப் பெண்களின் உடல்கள் அங்கே ஒரு கடிகாரத்தின் வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு முறை அவர்களிடம் திரும்பும்போதும் நமக்குள் எழுவது, குமரேசா சீக்கிரம் என்ற பதைப்பு. நாம் தேர்ந்துகொண்டது ஓடுபவனின் நேரத்தை. வாச்சாத்திப் பெண்கள் 19 ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறி இறங்கினார்களே, அந்த நீண்ட, பரபரப்பில்லாத காலத்தோடு உட்கார நம் சினிமா இன்னும் பழகவில்லை.

‘பருத்திவீரன்’ முடிவை இதோடு சேர்த்து நினைக்கிறேன். அமீரின் 2007 படம். முத்தழகாக நடித்த பிரியாமணிக்குத் தேசிய விருது கிடைத்தது, அந்த விருதுக்கு முழுத் தகுதி அவருக்கு உண்டு. வீட்டை எதிர்த்து, அடி உதை வாங்கி, தன் விருப்பத்தில் கடைசிவரை நின்ற பெண் முத்தழகு. அவளைச் சிதைக்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் படம் எப்படிப் புரிந்துகொள்ளச் சொல்கிறது? வீரன் செய்த பாவம் அவள் தலையில் விடிந்தது என்று. அவளுடைய வேதனை அவனுக்கான தண்டனைக் கணக்கில் வரவாகிறது. சாகும்போதுகூட தன் உடல் யார் கண்ணிலும் படக்கூடாது, வெட்டிப் போட்டுவிடு என்று அவனிடம் மன்றாடுகிறாள். தியேட்டர் முழுக்க அழுதது. நாம் அழுதது அவளுக்காகவா, அவளை வெட்டவேண்டி வந்த அவனுக்காகவா என்று அன்று கேட்டுக்கொண்டவர்கள் குறைவு.

காட்டாமல் விடுவதுதான் தீர்வு என்று சிலர் சொல்வார்கள். ஹிட்ச்காக்கின் 1972 படம் ‘ஃப்ரென்ஸி’ ஒன்றுக்குள்ளேயே இரண்டு வழிகளும் இருக்கின்றன. முதல் கொலையை அவர் முழுவதும், ஈவிரக்கமில்லாமல் காட்டுகிறார். இரண்டாவது பெண்ணைக் கொலைகாரன் தன் மாடி அறைக்கு அழைத்துப்போகிறான். கதவு மூடுகிறது. கேமரா உள்ளே போகாமல் பின்வாங்குகிறது. படியிறங்கி, நடையைக் கடந்து, வாசலுக்கு வந்து, கோவென்ட் கார்டன் சந்தைத் தெருவின் இரைச்சலுக்குள் நிற்கிறது. உருளைக்கிழங்கு மூட்டை சுமந்து ஒருவர் குறுக்கே போகிறார். மேலே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியும், தெருவில் யாருக்கும் தெரியாது. கண்ணுக்கு எதுவும் கிடைக்காத அந்தக் கணத்தில்தான் நம் கையாலாகாத்தனம் முழுதாக உறைக்கிறது. ஆனால் முதல் கொலை நம் நினைவில் இருப்பதால்தான் இது வேலை செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. பின்வாங்கும் கேமரா முழுக்கத் தூய்மையானது இல்லை.

எதிர்த்திசையின் எல்லையில் காஸ்பர் நோயேயின் ‘இர்ரிவர்சிபிள்’ இருக்கிறது. 2002-ல் கான் விழாவில் பலர் எழுந்து வெளியேறிய படம். நிகழ்ச்சிகள் தலைகீழ் வரிசையில் வருகின்றன, பழிவாங்கல் முதலில், காரணம் பிறகு. அதனால் பழிவாங்கலில் நமக்குத் திருப்தி கிடைப்பதில்லை. அதுவரை பைத்தியம்போல் சுழன்ற கேமரா, சுரங்கப்பாதையில் வன்முறை தொடங்கியதும் தரையில் அமர்ந்து அசையாமல் ஒன்பது நிமிடம் போலப் பார்க்கிறது. நடுவில், தூரத்தில், ஒரு ஆள் பாதைக்குள் வருகிறார். பார்க்கிறார். திரும்பிப் போய்விடுகிறார். நம் உருவம் அது, சந்தேகமில்லை. ஆனால் என்னைக் குற்றவாளி என்று சுட்டிக்காட்டுவதற்காக ஒரு பெண்ணின் உடலை அவ்வளவு நேரம் தரையில் கிடத்த வேண்டுமா? பார்வையாளனைக் குற்றம் சாட்டும் படங்கள் எல்லாவற்றிடமும் எனக்கு இந்த மனத்தாங்கல் உண்டு. கடைசியில் அவையும் பார்ப்பவனைப் பற்றிய படங்களாகிவிடுகின்றன. அவளைப் பற்றியவை ஆவதில்லை.

அதனால்தான் கௌதம் ராமச்சந்திரனின் ‘கார்கி’யை (2022) நம் மொழியில் இந்தக் கேள்விக்கு வந்த ஆக நேர்மையான பதில்களில் ஒன்றாகக் கருதுகிறேன். ஒரு சிறுமி மீதான கூட்டு வன்முறை வழக்கில், அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளியான கார்கியின் அப்பாவும் கைது செய்யப்படுகிறார். மற்ற நால்வரும் வெளி மாநிலத் தொழிலாளிகள், அவர்கள் குற்றத்தில் நமக்குப் பெரிய சந்தேகம் எழுவதில்லை, அதை எளிதில் நம்பிவிடுகிறோம். இந்தச் சாந்தமான அப்பாவின் குற்றத்தை மட்டும் நம்ப மறுக்கிறோம். சாய் பல்லவியின் கண்ணீரும் ஓட்டமும் நம்மை அவள் பக்கத்திலேயே வைத்திருக்கின்றன. குழந்தை அடையாளம் காட்டியது தவறாக இருக்கலாம் என்ற வாதம் வலுக்கும்போது நமக்கு நிம்மதி வருகிறது. பிறகுதான் அப்பா குற்றவாளி என்று தெரிகிறது. வன்முறையின் ஒரு காட்சிகூடக் காட்டப்படவில்லை. ஒரு சிறுமி பொய்யாகிப் போகவேண்டும் என்று இரண்டு மணி நேரம் ஆசைப்பட்டிருக்கிறோம், அதுவும் பாசத்தின் பெயரால், நல்லவர்களாகவே. ஊரில் இத்தகைய வழக்குகள் எப்படி அமுங்கிப்போகின்றன என்பதை இதைவிட உள்ளிருந்து காட்ட முடியாது. சாரா பாலியின் ‘விமன் டாக்கிங்’கும் (2022) சம்பவத்தைக் காட்டாமல், விடிந்தபின் எழும் பெண்களையும் அவர்கள் கூடி விவாதிப்பதையும் மட்டும் வைத்துக்கொள்கிறது. அனுபவ் சின்ஹாவின் ‘தப்பட்’ (2020) ஓர் அறைக்குப் பிந்தைய நாட்களோடு முழுப்படமும் தங்குகிறது. அடி விழுந்தபின் அவளோடு தங்கும் படங்கள் இவை.

இதுவரை பேசியது கதைக்குள் நடக்கும் வன்முறை. படப்பிடிப்புத் தளத்திலேயே நடந்தது திரையில் கதையாக நமக்குக் கிடைத்தால் நம் நிலை என்ன? ‘தி பேர்ட்ஸ்’ (1963) மாடியறைக் காட்சிக்காக டிப்பி ஹெட்ரன் மீது நாள்கணக்கில் உயிருள்ள பறவைகளை வீசினார்கள். அந்தத் திகிலை நாம் நடிப்பென்று பாராட்டினோம். ‘லாஸ்ட் டாங்கோ இன் பாரிஸ்’ (1972) எடுக்கப்பட்டபோது மரியா ஷ்னைடருக்கு வயது 19. வன்புணர்ச்சிக் காட்சியில் வெண்ணெயைப் பயன்படுத்தும் விவரத்தை இயக்குநர் பெர்தோலூச்சியும் மார்லன் பிராண்டோவும் அன்று காலையில் முடிவு செய்து அவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. அவருடைய அவமானம் நடிகையினுடையதாக இல்லாமல் ஒரு பெண்ணினுடையதாக வேண்டும் என்று விரும்பியதாகப் பெர்தோலூச்சியே 2013-ல் சொன்னார். உடலுறவு பாவனைதான், ஆனால் அழுகை உண்மை என்று ஷ்னைடர் 2007-லேயே சொல்லியிருந்தார். அப்போது உலகம் பெரிதாகக் கேட்கவில்லை. 2011-ல் அவர் இறந்துவிட்டார். மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய 2017-ல் அமைக்கப்பட்ட ஹேமா குழு 2019 இறுதியில் அறிக்கை கொடுத்தும், அது 2024 ஆகஸ்டில்தான், அதுவும் சில பகுதிகள் நீக்கப்பட்டு, வெளியே வந்தது. தெரிந்துகொள்ளாமல் ரசிக்கும் வசதி நமக்கு எவ்வளவு காலம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது!

2024 டிசம்பரில் பாரிஸின் சினிமாதெக் ஃப்ரான்சேஸ் ‘லாஸ்ட் டாங்கோ’வைத் திரையிட இருந்து, பெண்ணுரிமை அமைப்புகளின் எதிர்ப்புக்குப் பின் பாதுகாப்பைக் காரணம் காட்டி ரத்து செய்தது. அந்தப் படத்தைப் பூட்டிவைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. போடுவதானால் ஷ்னைடர் சொன்னதை முதலில் அதே அரங்கில் கேட்கவைத்துவிட்டுப் போடவேண்டும். அதே ஆண்டு ஜெசிகா பலூத் ஷ்னைடருடைய வாழ்க்கையை ‘மரியா’ என்ற படமாகக் கொண்டுவந்தார். இளம் வயதில் பெர்தோலூச்சியின் படமொன்றில் பயிற்சியாளராக வேலை பார்த்தவர் பலூத். அந்தக் காட்சியை அவரும் படமாக்கியிருக்கிறார், மரியாவின் முகத்தோடு இருந்துகொண்டு. கூடவே மூலப் படத்தில் ஒருபோதும் தெரியாதவர்களையும் காட்டுகிறார்: கேமராவுக்குப் பின்னால், விளக்குகளுக்குப் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த, ஒரு வார்த்தை சொல்லாத படக்குழுவினர். அறையில் இருந்தவர்களில் யார் வேண்டுமானாலும் கட் என்று சொல்லியிருக்கலாம்.